இரண்டு கை உப்பு

மகள் வாங்கி அடுக்கிவிட்டுப் போன டப்பா பீன்ஸில் சர்க்கரையும் உப்பும் அதிகம் என்று டாக்டர் முறைத்தார். அதனால் காய்ந்த பீன்ஸை ஊறப்போட்டு வேகவைத்து, தக்காளியில் சுண்ட வைக்க நானே இறங்கிவிட்டேன். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் ஹாலுக்கு ஓடிவிடும் வீரன் நான்.

மூடியைத் திறந்ததும், நான் வளர்ந்த ஜெயமங்கலத்து வீட்டு மொச்சை வாசனை.

அங்கே அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே அடுப்பு. ஒரு கோழி யாருடையது என்ற சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்றிருந்தது. மொச்சைப் பானை மட்டும் பொதுவாகக் கொதித்தது. உப்புப் போட்டாச்சா என்று கேட்டால் தோற்ற மாதிரி ஆகிவிடுமே என்று, ஆளுக்கொரு கை போட்டுவிட்டார்கள்.

ஒரு வாய் வைத்ததும் அப்பாவும் பெரியப்பாவும் தண்ணிச் செம்பைத் தேடினார்கள்.

"ஏலே, உப்புப் போட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சு போகுமான்னு ஒங்க பெரியம்மாட்டக் கேளு" என்றாள் அம்மா, பக்கத்தில் நின்ற பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டே.

"ஒங்காத்தா மகாராணி வந்து கேட்டாகளாக்கும்?" என்றாள் பெரியம்மா என்னிடம்.

அதற்குள் பெரியம்மா மகன், என் அண்ணன், ஒரு குடம் தண்ணீரோடு வந்தான். "எல்லாரும் தட்ட நீட்டுங்க, மொச்சைய அலசித் தாரேன்."

அம்மாதான் முதலில் சிரித்தாள். பெரியம்மா அவள் தோளிலேயே சாய்ந்து சிரித்தாள்.

அந்த அண்ணனும் நானும்தான் பிறகு அந்த வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பினோம். இன்றுவரை பேச்சில்லை. யார் முதலில் பேசுவது என்பதில் இருவருமே மகாராஜாக்கள்.

பீன்ஸை ருசி பார்த்தேன். உப்பு அளவாக இருந்தது. கூட ஒரு கை போட ஆளில்லை.