அந்த நாதஸ்வரத்தை அவர் நிறுத்தவில்லை

போன வருஷம் ஆவணி மாதம். என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். மூக்கில் டியூப் வைத்துப் பால் விட்டார்கள். மாரில் போட்டால் வாயையே திறக்கமாட்டாள். எடை இறங்கிக்கொண்டே வந்தது. இப்படியே போனால் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான், அதற்கப்புறமும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பல வருஷம் அழுது கேட்டு வாங்கிய பிள்ளை. கொடுத்துவிட்டுப் பிடுங்குகிறீரா என்று ஆண்டவரோடு சண்டையே போட்டேன்.

குழந்தையை என் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். "எதாச்சும் பேசும்மா, பாடும்மா. உன் சத்தம் கேட்டாத்தான் கொழந்தைக்குத் தெம்பு வரும்" என்பார் வார்டு நர்ஸ். எனக்கு ஒரு தாலாட்டும் தெரியாது. அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். வளர்த்தது அப்பாதான். பொம்மிடி ரயில்வே ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடமாட்டார். அதேபோல, காலையில் ரேடியோவில் கச்சேரி கேட்காமல் அவருக்கு டீ இறங்காது. நாதஸ்வரம் என்றால் உயிர். என்னை மடியில் வைத்து முதுகில் தாளம் தட்டுவார். "பாப்பா, இது மோகனம் பாரு" என்பார். அவர் இறந்த பிறகு அந்த இசை காதில் விழுந்தாலே எழுந்து போய்விடுவேன். மனசு தாங்காது.

அன்று முகூர்த்த நாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் விடிந்ததுமே மைக் செட் போட்டுவிட்டார்கள். நாதஸ்வரம் வார்டையே நிறைத்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுந்து போகவும் வழியில்லை. "ஆண்டவரே, என் புள்ள பால் குடிக்கணும். மொதல்ல அந்தச் சத்தத்த நிறுத்துங்க" என்று ஜெபித்தேன்.

அவர் நிறுத்தவில்லை. மோகனம் ஆரம்பித்தது. அது மோகனம் என்று தெரிந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதபடியே நானும் அதை முனக ஆரம்பித்திருக்கிறேன். கை தானாகவே அவள் முதுகில் தாளம் தட்டியது. நெஞ்சில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தேன். தலையைத் திருப்பி, வாயைத் திறந்து தேடுகிறாள். மாரில் வைத்தேன். சப்பினாள். கொஞ்சம் நிறுத்தினாள், மறுபடியும் சப்பினாள். ஓடிவந்த நர்ஸ், "நிறுத்தாத, பாடு" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

சேலத்துக்குப் போகவில்லை. டியூபை எடுத்துவிட்டார்கள். பாப்பிரெட்டிப்பட்டிக்கு வீடு திரும்பும்போது என் கணவர், "அந்தக் கல்யாண வூட்டுக்கு நாமளும் மொய் வெச்சிருக்கணும்" என்று கிண்டல் செய்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

கல்யாண மண்டபத்து நாதஸ்வரத்திலா ஆண்டவர் பதில் கொடுப்பார் என்று சபையில் ஒருவர் கேட்டார். எனக்கு விளக்கம் சொல்லத் தெரியாது. என் பிள்ளை பால் குடித்தாள், அது தெரியும். இப்போது தினமும் காலையில் செல்போனில் கச்சேரி போட்டுவிட்டுத்தான் ஜெபத்துக்கு உட்காருகிறேன். அப்பாவை நினைத்தால் வருகிற அழுகைகூட இப்போது இனிக்கிறது.

கண்ணீரோடு இதை வாசிக்கிறவர்களே, விடாமல் கேளுங்கள். அவர் நிச்சயம் தருவார். எப்படித் தர வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.