எட்டுக்கு முன்னால் ஒரு எழுத்து

கும்மிடிப்பூண்டி நிலையத்தில் எங்கள் வண்டி சிக்னலுக்காக நிற்கிறது. மதராஸிலிருந்து என்னுடன் வரும் ரஷ்யாக்காரரான மொழி ஆய்வாளர், புத்தகத் தமிழ் பேசுகிறவர், ஜன்னல் வழியே கொய்யாப்பழம் கேட்கிறார்.

"யெட்டு போதுமா?" என்கிறாள் கூடைக்காரி.

"யெட்டு," என்று அவரும் அவளைப் போலவே சொல்லிப் பார்த்துச் சிரிக்கிறார். கேலி என்று நினைத்து அவள் முகம் சுருங்குகிறது. கூடையைத் தூக்கிவிடுகிறாள்.

அவர் பதறிப்போகிறார். "கேலி இல்லை அம்மா. எங்கள் எட்டும் ஆதியில் 'ஒஸ்மி'தான். உயிரெழுத்தில் தொடங்க வாய் வராமல் ஜனங்கள் முன்னால் ஒரு வகரம் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது 'வோசிம்'. பள்ளிக்கூடத்திலேயே அதைத்தான் சொல்லித்தருகிறோம்."

அவள் யோசிக்கிறாள். கூடையை மெல்ல இறக்கி வைக்கிறாள்.

"அப்போ வொம்போதுக்கு இன்னா சொல்லுவீங்கோ?"