பக்கத்து வீட்டுக்குப் போன லட்டு

அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் உடனே போனில் தேடிப் பார்த்து, செத்தவன் நல்லவனா கெட்டவனா என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையை என் கணவர் அன்றைக்கே செய்து முடித்துவிட்டார். ஆபிரிக்காவில் ஒரு நாடு. அதன் ஜனாதிபதியை, அணிவகுப்பு மேடையில் வைத்து, அவனுக்குக் காவலாக நின்ற இராணுவக் கப்டனே சுட்டுக் கொன்றான். அவ்வளவு தெரிந்தால் போதும்.

சனிக்கிழமை காலை. நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் சோபாவில் இருந்தபடி சத்தம் போட்டார்.

"இஞ்சரும், கேட்டீரே? அந்த நாசமாப் போவானை அவன்ர ஆமிக்காரனே போட்டிட்டான்!"

"ஆரை?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர ஜனாதிபதியை!"

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே சுவரைப் பங்கிட்டு நிற்பவை. அவள் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள், தனி ஆள். பனி கொட்டினால் எங்கள் வாசலையும் சேர்த்து வழித்துவிடுவாள். நான் இடியப்பமோ புட்டோ அவித்தால் அவளுக்கும் ஒரு சட்டி போகும். ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. சட்டியைக் கழுவி, அதற்குள் ஏதாவது பழம் வைத்துத்தான் திருப்பித் தருவாள். அந்த ஜனாதிபதியின் படை தன் மாவட்டத்தை எரித்ததையும், தன் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனதையும் ஒரு கோடையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள். தம்பி திரும்பி வரவேயில்லை. "உங்கள் கதைதான் எங்கள் கதையும்" என்று இவர் அப்போது தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

ஆகவே அன்று காலை இவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. இவருடைய வாட்சப் குழுவில் கைதட்டல் பொம்மைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. எங்கட நாட்டில இப்பிடி ஒருத்தன் பிறக்காமல் போனானே என்று ஒருவர் ஏங்கியிருந்தார். இவர் ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு எழும்பினார்.

"லோரன்ஸ் றோட்டில எங்கட கடை திறந்திருக்கும். ஒரு பெட்டி லட்டு வாங்கி அவவுக்குக் குடுத்திட்டு வாறன்."

"உங்களுக்கு விசரே? ஒருத்தன் செத்ததுக்கு ஆரும் இனிப்புக் கொண்டு போவினமே?"

"உது செத்தவீடில்லையப்பா. தீபாவளி."

இது எங்கள் ஆட்களின் பழக்கம். அங்கே எங்கள் நாட்டில் ஒரு பெரிய தலை விழுந்தால் இங்கே கேக் வெட்டுவார்கள், வேலைத்தலத்தில் லட்டுக் கொடுப்பார்கள். மறுநாள் அங்கே ஊரடங்கு போட்டு யார் யாரை வீடு புகுந்து பிடித்தார்கள் என்று லட்டுத் தின்ற யாரும் கேட்டதில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஷிஃப்டுக்குப் போய்விடுவார்கள்.

போனவர் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். "நல்ல சந்தோசம் அவவுக்கு. கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு. கதைக்கக்கூட ஏலாமல் கதவைச் சாத்திட்டா."

அடுத்த நாள் அவள் தன் காருக்குள் போனை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். நான் கண்ணாடியில் தட்டினேன். இறக்கினாள்.

"சுட்டவன் எங்கள் மாவட்டத்துக்காரன். எங்கள் மொழி பேசுகிறவன். இராணுவம் அங்கே போய்விட்டது. அம்மா போன் எடுக்கவில்லை" என்றாள்.

பிறகு தொடர்ந்தாள். "அவன் சாகவேண்டும் என்று நானும் கும்பிட்டிருக்கிறேன். நோய் வந்து சாகட்டும், விமானம் விழுந்து சாகட்டும். எங்கள் ஆள் ஒருவன் கையால் மட்டும் வேண்டாம் கடவுளே என்றுதான் கும்பிட்டேன்."

அந்தக் கும்பிடு எனக்கு நன்றாகத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் சந்தியில் ஒரு ஆமி ட்ரக் கண்ணிவெடியில் போனது. வைத்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். அதன்பிறகுதான் அப்பா சைக்கிளில் பாண் வாங்கப் போனார். சந்தியில் நின்ற ஆட்களோடு அவரையும் ஆமி சுட்டுப் போட்டது. அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. செத்தவீட்டில் மூட்டுவதில்லை. அயலில் இருந்து சோறும் பருப்பும் வந்தன. யார் சமைத்தது என்றுகூட அம்மா கேட்கவில்லை, எங்களுக்குத் தீத்திவிட்டாள்.

இந்தக் கதை முழுவதும் இவருக்குத் தெரியும். எங்கள் சாமியறைக்குப் பக்கத்தில் தொங்கும் அப்பாவின் படத்துக்கு ஒவ்வொரு வருசமும் இவர்தான் மாலை வாங்கி வருவார். அந்தக் கையாலேயே லட்டும் வாங்கியிருக்கிறார் என்று நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் வந்து கத்தினேன்.

"அதுக்கு நான் என்ன செய்யிறது? நல்ல மனசோடதானே குடுத்தனான்" என்றார்.

இவருடைய நல்ல மனசு சிந்துகிறதைத் துடைப்பதுதான் கலியாணம் கட்டின நாள் தொட்டு என் வேலை.

அந்தக் கிழமை முழுவதும் நான் சுவரோடு காதை வைக்காத குறைதான். அவள் போனில் யாருடனோ கதைப்பது கேட்கும், பிறகு கேட்காது. இவர் வாட்சப்பில் வேறு ஒரு நாட்டுக்கு மாறிவிட்டார்.

ஒருநாள் பின்னேரம் அவள் வீட்டு வாசலில் கார்கள் வந்து நின்றன. வெள்ளைத் துணி போர்த்த பெண்கள் இறங்கி உள்ளே போனார்கள். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் எழும்பியது. அந்தச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. அவளுடைய அம்மா போய்விட்டாள்.

நான் அரிசி போட்டேன். பருப்பு, ஒரு கத்தரிக்காய்க் கறி. இனிப்பு, பொரியல் ஒன்றும் இல்லை. வழக்கமாக அவளுக்குப் போகும் அதே எவர்சில்வர் சட்டியில் சோற்றைப் போட்டு, கறிகளை மேலே ஊற்றி மூடி, சூட்டோடு கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன்.

அவள்தான் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த மூடிய சட்டியைத்தான் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், சப்பாத்துகளைக் கழற்றி வைக்கும் தட்டின் மேல், லட்டுப் பெட்டி கட்டின றிபனோடு அப்படியே இருந்தது.

"இன்றைக்கு எதைக் கொண்டாடுகிறீர்கள்?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலத்தான் கேட்டாள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயலார் சமைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம் என்று விளக்க வாயைத் திறந்தேன். எங்கள் வழக்கம் என்ன என்பதை இவர் ஏற்கனவே அவளுக்குக் காட்டிவிட்டாரே. கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

வீட்டுக்குத் திரும்பினேன். இவர் சாப்பாட்டு மேசையில் போனும் கையுமாக இருந்தார்.

"என்ன, வாங்கேல்லையோ?"

நான் ஒரு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து அவருக்கு முன்னால் வைத்து, சட்டியில் இருந்த அவ்வளவு சோற்றையும் அதில் கொட்டினேன்.

"அவவின்ர அம்மாவின்ர செத்தவீட்டுச் சோறு" என்றேன். "சாப்பிடுங்கோ. லட்டுக் குடுத்த கையால சாப்பிடுங்கோ."