தெனே நண்பரின் அம்மாவுக்கு ஒரு தீ

வளைகுடாவில், சோஹார் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஆலையில் எனக்கு ஷட்டவுன் வேலைகளைத் திட்டமிடும் பொறுப்பு. வருடத்துக்கு ஒருமுறை ஆலையை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அந்த மூன்று வாரமும் யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற பட்டியல் என் கையில் இருக்கும். நான் இல்லாவிட்டால் ஆலையே ஓடாது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அப்போதுதான் அவர் தீப் பாதுகாப்பு அதிகாரியாக வந்து சேர்ந்தார். உள்ளே எங்காவது வெல்டிங் பொறி பறக்க வேண்டுமென்றால் முதலில் பெர்மிட்டில் அவர் கையெழுத்து விழ வேண்டும். வயது அறுபதை நெருங்கியிருக்கும். கனடாவின் வடக்குக் கோடியைச் சேர்ந்த பூர்வகுடி மனிதர் என்று யாரோ சொன்னார்கள். பள்ளிப் பாடப் புத்தகம் உடனே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. டீ குடிக்கிற இடத்தில் போய்க் கைகொடுத்து, "நீங்கள் செவ்விந்தியர், நான் வெறும் இந்தியன். ஆக நாம் பங்காளிகள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, நானே சிரித்தும் வைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு, "நாங்கள் தெனே. எங்கள் மொழியில் மனிதர்கள் என்று பொருள்" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான்.

மற்றதை நாள் செல்லச் செல்லத்தான் சொன்னார். தெற்கே பக்கத்தில் வாழ்கிற க்ரீ மக்கள், எந்தக் காலத்துப் பகையாலோ, இவருடைய பிரிவினரைச் சிறைபிடித்த அடிமைகள் என்று பொருள்படும் சொல்லால் குறித்தார்களாம். வந்த வெள்ளைக்காரர்கள் அதையே மொழிபெயர்த்து வரைபடத்தில் எழுதிவிட்டார்கள். அங்கே கடல்போலக் கிடக்கும் ஓர் ஏரிக்கு இன்றும் அடிமை ஏரி என்றுதான் பெயர். தெனேயில் இன்னொரு பிரிவுக்குக் கூர்த்தோல் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அதுவும் க்ரீக்காரர்கள் வைத்ததுதான், அந்தப் பிரிவினரின் தோல் சட்டையின் கூரான வெட்டைப் பார்த்து. "அதற்கும் மேலே எஸ்கிமோக்கள் இருப்பார்களே" என்று என் பாடப் புத்தகத்தை மறுபடி பிரித்தேன். "இனுயிட்" என்று திருத்தினார். அவர்கள் மொழியில் அதற்கும் மனிதர்கள் என்றுதான் பொருளாம்.

தெனே என்பதே ஒரு மொழி இல்லை, உறவுள்ள பல மொழிகள். க்ரீக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, இனுயிட் மொழிக்கும் கிடையாது. எல்லோரையும் ஒரே பெயரில் நான் அடைத்து வைத்திருந்தேன். சைட்டில் யாராவது என்னை மதராசி என்று கூப்பிட்டால் முகம் சுளிக்கிற ஆள் நான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

ஆறு வயதில் அவரைச் சிறு விமானத்தில் ஏற்றி, பாதிரிமார்கள் நடத்திய விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தாய்மொழியில் வாய் திறந்தால் அடி. பன்னிரண்டு வருடம் கழித்து வீடு திரும்பியபோது, அம்மா பேசுவது முழுக்கப் புரிந்தது, பதில் மட்டும் வரவில்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் இருந்ததால் காலம் ஓடியது. எண்பது தாண்டி ஒரு பக்கவாதம் வந்ததும் அந்த ஆங்கிலமும் போய்விட்டது. வாரா வாரம் அக்கா மகள் தன் போனில் அந்தக் கிழவியின் குரலைப் பதிந்து அனுப்புவாள். அவர் காதில் வைத்து மூன்று நான்கு முறை கேட்பார். பிறகு தெரிந்த இரண்டு வார்த்தையைப் பேசி அனுப்புவார். "காதில் இருக்கிறது, வாயில் இல்லை" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. என் மகளுக்கும் தமிழ் வராது, வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள் என்று பள்ளியில் சொன்னார்கள், இப்போது பிரிட்டிஷ்காரி மாதிரி பேசுகிறாள் என்று பெருமையடித்தேன். அவர், "அவள் உன்னை எந்த மொழியில் திட்டுவாள்?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

ஷட்டவுன் தொடங்க மூன்று நாள் இருந்தபோது, லீவு ஃபாரத்தோடு என் மேசைக்கு வந்தார். அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்றார். அவர் போனால் பெர்மிட்டில் கையெழுத்துப் போட மாற்று ஆள் இல்லை, என் பட்டியல் முழுவதும் சரிந்துவிடும். "ஒன்றும் ஆகாது, நன்றாக இருப்பார்கள்" என்றேன். நம் ஆட்கள் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான் அது. அவர் முகம் மாறியது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அவர்களில் யாரும் வரப்போவதைப் பற்றி இப்படித் துணிந்து பேச மாட்டார்களாம், அப்படிப் பேசுவது கெடுதியை வலிய அழைப்பது போலவாம். நான் சமாளித்தேன். ஃபாரத்தை மேலே அனுப்புகிறேன் என்றேன்.

அனுப்பவில்லை. டிராயரில் வைத்தேன். இரண்டு வாரம் போகட்டும், அப்புறம் அனுப்பலாம் என்று நினைத்தேன். தினமும் காலையில் அவர் என் அறைவாசலில் நிற்பார். "இன்னும் மேலேயிருந்து பதில் வரவில்லை" என்பேன். தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். ஒன்பதாம் நாள் அம்மா இறந்துபோனாள்.

அங்கே அப்போது நதியில் பனி உடைகிற பருவம். ஊருக்குக் கடக்கப் பனிமேல் போட்ட பாதையும் இருக்காது, படகும் ஓடாது. மூன்று விமானம் மாறி இவர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். என்னிடம் வந்து, "உங்கள் ஆட்கள் செத்தவர்களுக்குச் சாப்பாடு வைப்பீர்கள், இல்லையா?" என்று கேட்டார். காக்கைக்கு வைப்போம் என்றேன். "நாங்கள் தீக்கு ஊட்டுவோம். நீ கூட வா" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். டியூஷனிலிருந்து கூட்டிவந்த மகளும் என்னோடு இருந்தாள், பத்தாம் வகுப்பு படிக்கிறவள். சுற்றிலும் குடும்பங்கள் கரி அடுப்பில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தன. அவர் காற்று வீசும் திசை பார்த்து, ஒரு பீப்பாய் மூடியில் விறகை அடுக்கினார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் தீயணைப்பு உருளையும் வைத்துவிட்டுத்தான் தீக்குச்சியைக் கிழித்தார். தன் அம்மாவின் தீக்கும் அவரே பெர்மிட் கொடுக்கிறார் என்று தோன்றியது.

சுட்ட மாட்டிறைச்சியில் ஒரு துண்டு, ரொட்டி, கொஞ்சம் டீ, ஒரு சிட்டிகை புகையிலை. ஒவ்வொன்றாகத் தீயில் இட்டார். அடுத்து அம்மாவோடு பேச வேண்டும், அவளுடைய மொழியில். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னார். அடுத்தது வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், அதே இடத்தில் நின்றுவிட்டார். பெரிய உடம்பு அது, மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"ஆங்கிலம் அவளுக்குப் புரியாது" என்றார். "நீ உன் அம்மா மொழியில் ஏதாவது சொல். யாரோ ஒரு தாய் சொல்லிக்கொடுத்த பேச்சாவது அவள் காதில் விழட்டும்."

நான் தீக்கு முன்னால் நின்றேன். யோசித்துப் பேசவில்லை, வந்துவிட்டது. "அம்மா, ஒங்க புள்ளைய நாந்தான் அனுப்பல. ஃபாரம் என் டிராயர்லயேதான் கெடக்கு. மேல யாருக்கும் தெரியாது. பாவி நான், மன்னிச்சிருங்கம்மா." குரல் உடைந்ததை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "என்ன சொன்னாய்?" என்று கேட்டார்.

"நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்று சொன்னேன்."

எனக்கு நன்றி சொன்னார்.

தீ அடங்குவதற்குள் மகளை அழைத்துக்கொண்டு காருக்கு வந்துவிட்டேன். அவள் பெல்ட் போடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த லீவு ஃபாரம் உங்களிடமே இருந்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்கு எல்லாமே புரிந்திருக்கிறது. பத்து வருடமாக நானும் அவள் அம்மாவும் எங்களுக்குள் தமிழில் பேசியதெல்லாம் அவள் காதில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நான் சாவியைத் திருகினேன். அவள் என் கையைப் பிடித்தாள். திக்கித் திக்கி, ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்து, "போய்... சொல்லுப்பா. அவர்கிட்ட... சொல்லு" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். அவர் வாளித் தண்ணீரைச் சாம்பலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அணைந்துவிட்டதா என்று கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

ஒப்பந்தம் முடிந்து அவர் இரண்டு மாதத்தில் ஊர் போய்விட்டார். என் மகள் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசியதில்லை.