காயலை மறைத்த சுவர்

லோகாம்பாள் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்ததே கோபத்தில்தான்.

அவள் கணவர் வாஞ்சிநாதன் மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமையானால் படகேறி, காயல் நடுவே ஒரு தீவில் இருந்த கோல்ஃப் கிளப்புக்குப் போவார். மனைவிமார்களும் கூடப் போகலாம். வராந்தாவில் உட்கார்ந்து எலுமிச்சை சர்பத் குடிக்கலாம். 1974இல் ஒரு ஞாயிறு, சற்றுக் காலாற நடக்கலாமென்று அவள் புல்லில் இறங்கியபோது, செகரட்டரி பிச்சுமணி வராந்தாவிலிருந்து குரல் கொடுத்தார்.

"மாமி, லேடீஸ் செருப்பு பட்டா புல்லு கெட்டுப்போகும்."

லோகாம்பாள் செருப்பைக் கழற்றிப் படியில் விட்டாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். வெறுங்காலோடு கணவரிடம் போய், மட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. பெயர்ந்த மண் வாஞ்சிநாதனின் வெள்ளைக் கால்சட்டையெல்லாம் தெறித்தது. சிரித்தவர்களை அவள் ஒவ்வொருவராக ஏறிட்டுப் பார்த்தாள். அடுத்த ஞாயிறும் மட்டையைக் கேட்டாள்.

அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. மற்றவர்கள் பந்தை வானத்துக்குத் தூக்குவார்கள், காயல் காற்று அதைத் தட்டிக்கொண்டு போகும். அவள் தரையோடு தரையாக உருட்டிவிடுவாள். பந்து தென்னையின் தூரில் போய் ஒட்டிக்கொண்டால், மட்டையைத் திருப்பிப் பிடித்து முதுகுப் பக்கத்தால் இடக்கையால் தட்டுவாள். மேட்டில் ஏற்றிவிட்டு, அது தானே மனம் மாறிக் குழியை நோக்கி இறங்கிவரும்படி செய்வாள். "இப்படியும் உண்டோ" என்று வாஞ்சிநாதனே ஒருமுறை கேட்டார்.

அடிக்கும் முன்னால் அவள் நின்று பார்ப்பாள். மிதந்து வரும் ஆகாயத்தாமரை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, சரக்கு வள்ளத்தின் பாய் எவ்வளவு புடைத்திருக்கிறது, குச்சியில் உட்கார்ந்த நீர்க்காகம் சிறகை எந்தத் திசைக்கு விரித்துக் காய்கிறது. முதலில் காற்றைத் தெரிந்துகொள்ளத்தான் பார்த்தாள். பிறகு பார்ப்பதற்காகவே பார்த்தாள். பின்னால் வருகிறவர்கள் பொறுமை இழப்பார்கள்.

"மாமி, பந்தைப் பாருங்கோ."

"பந்து எங்கே போகப்போறது, இங்கேதானே கிடக்கும். அந்த வள்ளம் போயிடுமாக்கும்."

மட்டாஞ்சேரி வீட்டில் ஜன்னலைத் திறந்தால் எதிரே பண்டகசாலையின் சுவர். வாரம் முழுக்க அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் அரைப்பதும் அரிவதும். ஞாயிற்றுக்கிழமை காயலுக்காக அவள் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டாள்.

1981இல் கிளப்பில் கூட்டம் போட்டார்கள். பந்துகள் காயலில் விழுந்து வீணாகின்றன, வள்ளத்தில் போகிறவர்களெல்லாம் வேடிக்கை பார்க்கிறார்கள், மரியாதையாக இல்லை; ஆகவே கரையோரம் ஆளுயரத்துக்கு வெட்டுக்கல் சுவர் எழுப்ப வேண்டும் என்றார் பிச்சுமணி. மனைவிமார்களுக்கு ஓட்டு கிடையாது. லோகாம்பாள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுவர் வேண்டுமென்கிறவர்கள் கை தூக்கலாம் என்றதும், முன்வரிசையில் வாஞ்சிநாதனின் கை உயர்ந்தது.

திரும்பும் படகு பாதிக் காயலைத் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"கை தூக்கறச்சே ஒண்ணும் தோணலையா உங்களுக்கு?"

"பிச்சுமணி கப்பல் ஏஜென்டாக்கும், லோகம். நம்ம சரக்கெல்லாம் அவன் கை வழியான்னா போறது. ஒரு சுவர்தானே."

"இத்தனை வருஷமா நான் அங்கே வந்து என்ன பண்ணறேன்னு தெரியுமோ?"

"விளையாடறே."

"பக்கத்திலேயே நின்னிருக்கேள்" என்றாள். அதற்கு மேல் பேசினால் படகுக்காரன் முன்னால் அழுதுவிடுவோமோ என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிச்சுமணியின் மேல் வந்த கோபம் அவளுக்குப் பழகியது. இது வேறு கோபம். அன்றிரவு சோறு பரிமாறும்போது அவர் இலையைப் பார்த்தாளே ஒழிய முகத்தைப் பார்க்கவில்லை.

மழைக்காலத்துக்குள் சுவர் எழும்பிவிட்டது. ஓணம் கழிந்து கணவனும் மனைவியும் சேர்ந்து ஆடும் போட்டி வந்தது. ஆறாம் குழிக்கு வந்ததும் லோகாம்பாள் நின்றாள். எதிரே செங்கல் நிறத்தில் கல்லும், மேலே கொஞ்சம் வானமும். சுவருக்கு அப்பால் ஒரு வள்ளம் போகும் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள். துடுப்புச் சத்தம் தேய்ந்து மறையும் வரை பொறுத்திருந்து, தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பந்தை உயரத் தூக்கி அடித்தாள். அது சுவரைத் தாண்டிப் போய் 'ப்ளக்' என்று விழுந்தது. கணவரின் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். அதுவும் போயிற்று. பை காலியாகும் வரை எடுத்து எடுத்து அடித்தாள். தோள் விட்டுப்போயிற்று, கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. வாஞ்சிநாதன் "லோகம், லோகம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிச்சுமணி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்ன கூத்து மாமி இது?"

"பந்து காயல்லே விழாம இருக்கத்தானே கட்டினேள். விழறதே. இடிச்சுடுங்கோ."

அத்தோடு அவள் கிளப்புக்குள் வரக் கூடாது என்று முடிவாயிற்று. வாஞ்சிநாதன் மட்டும் வரலாம். அவர் போகவும் செய்தார். அவர் பை தூக்கிக்கொண்டு வாசல் இறங்கும் ஒவ்வொரு ஞாயிறும் சமையலறையில் ஏதாவது ஒரு பாத்திரம் நசுங்கியது.

கம்பெனியின் பண்டகசாலைக்குப் பின்னால் சுக்கு காயப்போடும் பெரிய முற்றம் உண்டு. மழைக்காலத்தில் அங்கே வேலையில்லை. முற்றத்தின் கோடியில் படகுத்துறைக்கு ஒரு கதவு. அடுத்த ஆடியில், மழை விட்ட ஒரு ஞாயிறு, லோகாம்பாள் ஒரு பழைய மட்டையோடு அங்கே போய் அந்தக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். காயல் முழுசாகத் தெரிந்தது. தாழ்வாரத்துக் கயிற்றுச் சுருளைச் சுற்றி, தூணில் மோதித் திருப்பி, மழைநீர் தேங்கிய பள்ளத்தைத் தாண்டி உருட்டினாள். கடைசியாக, குழிக்குப் பதில் ஒரு தகர டப்பா.

தாழ்வாரத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த மாயம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சுக்கு தரம் பிரிப்பவள்.

"இத அடிச்சா என்னம்மா கெடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

"அப்ப நானும் ஒரு அடி அடிக்கட்டா?"

மாயம்மாள் பந்தைத் தாழ்வாரக் கூரையில் மோதவைத்து இறக்கினாள். லோகாம்பாளுக்கு அது தோன்றியதே இல்லை. இருவரும் அந்த மழைக்காலம் முழுக்க ஆடினார்கள், அதற்கடுத்த மழைக்காலங்களிலும். நடுநடுவே ஒருத்தி "அந்தா பாருங்க" என்பாள். ஆட்டம் நின்று, தூறல் காயலைக் கடந்துவருவதைப் பார்ப்பார்கள்.

வாஞ்சிநாதன் கிளப்பை விட 1985 ஆயிற்று. ஏன் விட்டார் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு பையோடு முற்றத்து வாசலில் வந்து நின்றார். மாயம்மாள் மட்டையை நீட்டினாள். அவர் வாங்காமல் மனைவியைப் பார்த்தார்.

"இன்னும் கோபம் போகலையா, லோகம்?"

"போகலை" என்றாள் லோகாம்பாள். "தூணுக்கு வலப்பக்கமா அடிங்கோ. இடப்பக்கம் சறுக்கும்."