பீரோவுக்குள் இருந்த கைரேகை மிஷின்

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் டீ குடிக்க எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் சொந்தத்தில் ஜின் கதை சொல்லாதவர்களே கிடையாது, சின்ன வயதிலேயே அதையெல்லாம் கேட்டுச் சலித்துப் போனவன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும், காரணம் தெரியவில்லை என்றால் நாம் ஒழுங்காகத் தேடவில்லை என்று அர்த்தம், இதுதான் என் கட்சி. இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் இது நடந்தது, அதுவும் பகலில் நடந்தது.

மரக்காணத்தில் ஒரு உப்பு கம்பெனி ஆபீஸில் சர்வர் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், ஏசி ரூமில் ஒரு பெட்டி, உப்புக் காற்று படாமல் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருப்போம், அவ்வளவுதான். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கைரேகை மிஷினில் விரல் வைக்க வேண்டும். மெயின் கேட்டில் ஒரு மிஷின், தூரத்தில் மோட்டார் கொட்டகையில் ஒரு மிஷின். யார் உள்ளே, யார் வெளியே என்று என் ஸ்கிரீனில் தெரியும்.

ஐடியா நல்ல ஐடியாதான், ஆனால் அதை வாங்கச் சொன்ன மகானுபாவர் உப்பளத்துக் கையைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிற விரலில் ரேகை தேய்ந்து போய்விடும். போதாததற்கு, வெடிப்பு எரியாமல் இருக்க எல்லோரும் கையில் தேங்காய் எண்ணெய் தடவியிருப்பார்கள். அந்தக் கையோடு வந்து மிஷினில் வைப்பார்கள், அது ஒரு பெண் குரலில் மறுபடி முயற்சி செய்யச் சொல்லும், இவர்கள் விரல் காய்ந்து கிடப்பதுதான் கோளாறு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு வைப்பார்கள். நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருத்தர் கேட்டால்தானே. கடைசியில் செக்யூரிட்டி பெயரைத் தட்டி உள்ளே அனுப்புவார்.

இதில் குப்பு அக்கா தனி ரகம். குப்பம்மாள் என்று பெயர், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அளத்து வேலை, புருஷன் மணி அண்ணன் லாரியில் உப்பு ஏற்றுகிறவர். முதன்முதலில் ரேகையைப் பதிய வைக்கும்போது அவருக்குப் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து, ஒரு கட்டைவிரல் ஏதோ பேருக்குப் பதிந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட மிஷின் அவரை அடையாளம் கண்டது கிடையாது. "என் கையில ஒண்ணுமே இல்ல நிசாரு, ஜோசியக்காரனே கைய உட்டுட்டு மூஞ்சியப் பாத்துதான் சொன்னான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

மிஷின் விரலை ஏற்காத ஒவ்வொரு தடவையும் சர்வரில் ஒரு காலி ஃபைல் விழும். உள்ளே ஒன்றுமே இருக்காது, பெயரில் மட்டும் எந்த மிஷின், எந்த நேரம் என்று இருக்கும். இது எனக்கு அன்றைக்கு வரை தெரியாது, மிஷின் விற்றவர்களும் சொல்லவில்லை.

அன்றைக்குக் கோடை மழை. மதியச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் வானம் கருத்தது. உப்பளத்தில் மின்னல் என்றால் விளையாட்டில்லை, கண்ணுக்கு எட்டிய வரை மனிதனை விட உயரமாக ஒரு பொருளும் இருக்காது. எல்லோரும் போட்டதைப் போட்டபடி கேட்டுக்கு ஓடி வந்தார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து என் ஸ்கிரீன் அப்படியே நின்றுவிட்டது.

மேனேஜர் அந்தோணி சார் ஓடி வந்தார். "நிசார், உள்ள யாரு மாட்டிக்கினு இருக்காங்கன்னு பாத்து சொல்லுப்பா."

"ஸ்கிரீன் நின்னு போச்சு சார்."

"இன்னாது நின்னு போச்சா? வெளிய இடி உழுதுப்பா!"

சர்வர் இடமில்லை என்கிறது. டிஸ்க்கைப் பார்த்தால் பாதிக்கு மேல் காலி. அப்புறம்தான் புரிந்தது. ஃபைல் காலியாக இருந்தாலும் அதற்கென்று ஒரு நம்பர் வேண்டும், டிஸ்க்கைத் தயார் செய்யும்போதே இத்தனை நம்பர்தான் என்று முடிவாகிவிடும். ரேஷன் கடையில் மூட்டை மூட்டையாக அரிசி இருக்கிறது, டோக்கன் தீர்ந்துவிட்டது என்றால் எப்படி இருக்கும், அந்தக் கதைதான். டோக்கனையெல்லாம் காலி ஃபைல்கள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

அதற்குள் மணி அண்ணன் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார். "குப்புவக் காணோம்பா. எல்லாரும் வந்துட்டாங்க, அவ மட்டும் வரல. எந்தப் பக்கம் இருந்தான்னு ஒருத்தருக்கும் தெரில. உன் பொட்டியில பாத்து சொல்லேன்பா."

காலி ஃபைல்களை அழிக்க ஆரம்பித்தேன். மொத்தமாக அழிக்கச் சொன்னால் இவ்வளவு முடியாது என்று மறுத்தது, கொஞ்சம் கொஞ்சமாக அழித்தேன். எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது, உடனே பழையபடி ஏறிவிட்டது. யாரோ அந்த நிமிஷத்தில் விரலை வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பெயரைப் பார்த்தேன், எல்லாம் மோட்டார் கொட்டகை மிஷினிலிருந்து வருகிறது.

"கொட்டகையில யாரோ வெரல் வெக்கிறாங்கண்ணே, அக்காதான்!" என்று கத்திவிட்டேன். மணி அண்ணன் ஒரு நொடி நிற்கவில்லை, டிராக்டரை எடுத்துக்கொண்டு அந்த மழையில் போய்விட்டார்.

அந்தோணி சார் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "நிசார், அந்த மிஷின கழட்டி பீரோல இல்ல வெச்சிருக்குது? நீ லீவுல இருந்தப்ப, உப்பு அரிச்சிப்போச்சுன்னு."

பீரோவைத் திறந்தேன். பிளாஸ்டிக் கவருக்குள் மிஷின் இருந்தது. வயர் கிடையாது, கரண்டு கிடையாது, பின்களில் பச்சையாகக் களிம்பு. அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தேன், அல்லா மேல் ஆணையாகச் சொல்கிறேன், அதன் பெயரில் ஃபைல்கள் வந்துகொண்டே இருந்தன. அந்தோணி சார் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த மிஷினை சர்வரில் பிளாக் செய்தேன், நிற்கவில்லை. நான் ஒரு நம்பரை விடுவித்தால் அதற்குள் ஒரு காலி ஃபைல் அதைப் பிடித்துக்கொள்கிறது. இத்தனை வருஷம் படித்த வித்தை ஒன்றுகூட உதவவில்லை, அழ வேண்டும் போல இருந்தது. அந்தப் பக்கம் யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், நான் இங்கிருந்து அழித்துக்கொண்டே இருக்கிறேன், இதோ நான் கேட்கிறேன் என்று ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லக்கூட வழியில்லை.

திடீரென்று நின்றது. கடைசியாக அதே மிஷின் பெயரில் ஒரே ஒரு ஃபைல், அது காலியாக இல்லை. திறந்தேன். குப்பம்மாள், வெளியே, என்று இருந்தது.

இப்போது யோசித்தால் முட்டாள்தனமாகத் தெரிகிறது, ஆனால் அந்த நேரத்தில் பீரோவாவது மிஷினாவது, எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். அந்தோணி சார் போனில், "மணி, வந்துட்டாப்பா, வெளிய வந்துட்டா, நீ திரும்பு" என்று கத்தினார். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். யாருமில்லாத கொட்டகையில் நின்ற மணி அண்ணன் சந்தோஷமாக வீட்டுக்குத் திரும்பினார்.

வீட்டில் குப்பு அக்கா இல்லை. மழை விட்ட பிறகு கொட்டகைக்கு நேர் எதிர்ப்பக்கம், கிழக்குப் பாத்தி வரப்பில் கிடந்தார். முதல் இடியிலேயே உயிர் போயிருக்கும், நீங்கள் உடனே போயிருந்தாலும் பிரயோஜனமில்லை என்றார் டாக்டர். அதை நான் நம்ப வேண்டும் என்று இன்றைக்கும் ஆசைப்படுகிறேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் மணி அண்ணன் ஆபீஸுக்கு வந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த மிஷின்ல அவ கூப்ட்டாளாப்பா?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை அண்ணே என்றேன். எழுந்து போய்விட்டார்.

அப்புறம் மிஷினைப் பழுது பார்க்கச் சர்வீஸ்காரர் வந்தார். விரலை மிஷின் ஏற்றுக்கொண்டால் ரேகையின் படமும் ஃபைலில் இருக்கும், அதைப் பார்க்க ஒரு சாஃப்ட்வேர் அவரிடம் இருந்தது. நடந்தது எதையும் சொல்லாமல் அந்தக் கடைசி ஃபைலை மட்டும் திறக்கச் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, ஒரு கோடுகூட அழியாமல் இருந்தது.

"யாரு சார் இது, ஆபீஸ் ஸ்டாஃபா? அளத்துல வேலை செய்றவங்க கை ஒண்ணுகூட இவ்ளோ க்ளீனா வந்ததில்ல."

நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உப்புத் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால், சின்னப் பெண்ணாக இருந்தபோது, அக்காவின் விரல் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.