வெண்டலின் ஜன்னல் சோதனை

பக்கத்து வீட்டு வெண்டலுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஆனால் காரில் மாட்டி ஊர் ஊராகப் போவதற்கென்று அவர் வாங்கிய பழைய டிரெய்லர் வீடு மட்டும் வாசலை விட்டு நகர்ந்ததே இல்லை. கோடை வந்தால் அதன் ஜன்னல்களைக் கழற்றுவார், காய்ந்த பசையைச் சுரண்டுவார், புதுப் பசைநாடா ஒட்டித் திரும்பப் பொருத்துவார். பிறகு வெளியே நின்று ஹோஸால் தண்ணீர் அடிப்பார். உள்ளே அவர் மனைவி லோர்னா டார்ச்சோடு உட்கார்ந்து, எங்கே ஒழுகுகிறது என்று சொல்ல வேண்டும். எங்கேயாவது ஒழுகும். இருவரும் போவதாக இருந்த ஓரிகன் கடற்கரைப் பயணம் அடுத்த கோடைக்குத் தள்ளிப்போகும். பார்க்கிற எனக்கே எரிச்சலாக வரும்.

இந்த முறை லோர்னா துணைக்கு என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். தகரத்தில் தண்ணீர் சடசடத்தது.

"ஒழுகுதா?" வெளியிலிருந்து வெண்டல் கத்தினார்.

"இல்ல!" என்றாள் லோர்னா.

"கட்டில் பக்கம் பாத்தியா? அந்த மூலைதான் எனக்குச் சந்தேகமாவே இருக்கு!"

அந்த மூலையில் ஒரு சொட்டு திரண்டு லோர்னாவின் முழங்காலில் விழுந்தது. அவள் என்னை முறைத்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். சட்டைக் கையால் மூலையை அழுத்தித் துடைத்தாள்.

"சொட்டுகூட இல்ல! குழாய மூடிட்டுக் காரப் பின்னாடி எடு வெண்டல், மாட்டிட்டுக் கிளம்பலாம்!"